சாப்பாட்டு வேளையில் அம்மா வேண்டாம்

1

சென்ற வாரம் ஓர் ஓமானியப் பெண் தன் மகனை எடை பார்க்கக் கூட்டி வந்தாள். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் எடை, உயரம் எடுத்து டாக்டருக்கு அனுப்புவது என் பொறுப்பு. பையனுக்கு மூன்று வயதிருக்கும். எடைக் கருவியில் ஏற மாட்டேன் என்று அழுதான். என்னை அறியாமல் "வா சாமி, வா சாமி" என்று கூப்பிட்டுவிட்டேன். எங்கள் தர்மபுரிப் பக்கம் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, இவன் பெயர் சாமி இல்லை, மாஜின் என்று திருத்தினாள். அரபியில் சாமி என்பது ஆண் பிள்ளைக்கு வைக்கிற பெயர். ஓமானின் சலாலா நகருக்கு வந்து இது நான்காவது வருடம். இன்னும் இந்தப் பிழை என் வாயை விட்டுப் போகவில்லை.

அழுகையை நிறுத்த அவள் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். கார்ட்டூன் ஓடத் தொடங்கியதும் பையன் கல்லாகிவிட்டான். அவள் ஒரு பிஸ்கட்டை உடைத்து அவன் உதட்டருகே கொண்டுபோனாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவன் வாய் திறந்தது. "மா யாகுல்" என்றாள் என்னிடம். சாப்பிடவே மாட்டான் என்று பொருள். ஃபோன் இல்லாவிட்டால் ஒரு வாய்கூட இறங்காது என்று சைகையால் காட்டினாள்.

இப்படிப்பட்ட தாய்மாரிடம் சொல்ல நாலைந்து அரபி வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது ஃபோன் வேண்டாம், தட்டைப் பார்க்க விடுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். தினமும் சொல்கிறவைதான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. எடையை எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பிவிட்டு, பின்னால் ஊழியர்கள் சாப்பிட இருக்கும் பேன்ட்ரியில் போய்த் தண்ணீர் குடித்தேன்.

என் மகளுக்கு அன்று ஐந்தாவது பிறந்தநாள்.

2

எனக்குப் பிறந்த ஊர் பொம்மிடி. வாழ்க்கைப்பட்டது பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் சக்திவேல் தக்காளி போடுகிறார். கல்யாணத்துக்கு முன்பே நான் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான தேர்வை எழுதி வைத்திருந்தேன். ஆர்டர் வந்தபோது மகள் தன்ஷிகாவுக்கு ஒன்றேகால் வயது. இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அவளுக்கு இரண்டரை வயதானபோது சக்திவேல் தர்மபுரியிலிருந்து அழைத்தார். பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம்.

"கவிதா, ஆட்டிசம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நோயி இல்லையாம். மருந்து மாத்திர கெடையாதாம். ட்ரெயினிங்தான் குடுக்கணும்னு சொல்றாங்க."

"பாப்பா என்ன பண்ணுதுங்க?"

"பஸ்ஸு சக்கரத்தப் பாத்துட்டு நிக்குது. கூப்புட்டா வரமாட்டேங்குது."

பயிற்சி வாரத்தில் மூன்று நாள், தர்மபுரியில். யாராவது ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும், இன்னொருவர் அதற்குச் சம்பாதிக்க வேண்டும். நாங்கள் பிரித்துக்கொண்டோம். இங்கேயே கூட்டி வந்துவிடலாமா என்று விசாரித்தேன். குடும்ப விசாவுக்கு என் வேலைப் பிரிவு ஒத்துவராது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒத்துவந்திருந்தாலும் அவளுக்கு எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்பது தெரியவில்லை. தமிழிலேயே அவள் இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

பேச்சைவிட அவள் சாப்பாடுதான் எங்களைப் படுத்தியது. தயிர்சாதத்தை மிக்சியில் அடித்துக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும். பருக்கை ஒன்று நாக்கில் தட்டுப்பட்டாலும் ஓங்கரித்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுவாள். மஞ்சள் நிறம் கலந்தால் தொடமாட்டாள். மற்றபடி பால், பால், மறுபடியும் பால். இதோடு சுவரில் உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றாள். பூச்சி மாத்திரை கொடுங்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். மந்திரிக்கச் சொன்னார்கள். எந்தப் பிள்ளைதான் ஒழுங்காகத் தின்கிறது என்றும் சொன்னார்கள். சக்திவேல் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வந்து என்னிடம் சொல்வார்.

ஒருநாள் அவர் ஊட்டிக்கொண்டிருக்கும்போது நான் வீடியோவில் அழைத்தேன். திரையில் என் முகத்தைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது. அவர் சட்டென்று ஒரு கரண்டியை உள்ளே வைத்தார். விழுங்கினாள். நான் "ஆ" என்றேன். மறுபடியும் திறந்தாள். கிண்ணம் காலியாயிற்று. அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு!

அதிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது. ஊரில் இரவு ஏழரை மணி என்றால் இங்கே மாலை ஆறு. கூட வேலை செய்யும் ஷீபா சேச்சி என் இடைவேளையை அந்த நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். பேன்ட்ரியில் ஃபோனைத் தண்ணீர் ஜாடி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வாயைத் திறப்பேன், கன்னத்தை உப்புவேன், கை தட்டுவேன். மற்ற நேரத்தில் அழைத்தால் தன்ஷிகா ஃபோனைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவேன், எழுந்து போய்விடுவாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவள் கண்கள் என் மேலேயே இருக்கும். அந்த அரை மணி நேரம் நான் அவளுக்கு அம்மாவாக இருந்தேன் என்று நம்பினேன்.

3

சென்ற வருடம் பயிற்சி நிலையத்துக்கு உணவு ஆலோசகராக ரேவதி என்று ஒரு பெண் வந்தார். தன்ஷிகாவின் எடையையும் உயரத்தையும் பார்த்துவிட்டு, வீட்டில் அவள் சாப்பிடுவதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். சக்திவேல் தன் தம்பி மகளிடம் ஃபோனைக் கொடுத்துப் பக்கவாட்டில் நின்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதே வீடியோவை எனக்கும் அனுப்பினார்.

என் மகள் சாப்பிடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது அதில்தான். இவ்வளவு நாளும் திரை முழுக்க அவள் முகம்தான். கன்னம் உருண்டையாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தபோது தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தது. முழங்கை பெரிதாகவும் கை குச்சியாகவும் இருந்தன. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. கடைசிவரை அவை அசையவே இல்லை. கரண்டி வரும், வாய் திறக்கும், அவர் உள்ளே தள்ளுவார். அவள் மெல்லவில்லை. தன் வாய்க்குள் ஒன்று வந்தது என்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. எதிரே செம்பில் சாய்த்து வைத்த இன்னொரு ஃபோனில் சின்னதாக நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

தினமும் எத்தனையோ பிள்ளைகளை எடை போடுகிறவள் நான். வளர்ச்சிக் கோடு எங்கே படுத்துவிட்டது என்று பார்த்தவுடன் சொல்வேன். நாலரை வயதுப் பிள்ளைக்கு அந்தக் கை இருக்கக்கூடாது.

தர்மபுரி டாக்டர் இரத்தம் பார்க்கச் சொன்னார். இரும்புச் சத்து மிகக் குறைவு. சுண்ணாம்பு தின்பது அதனாலும் இருக்கலாம் என்றார். பாலாலேயே வயிறு நிறைந்துவிடுவதால் பசி என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது, எடை முதலில் நின்று இப்போது உயரமும் நிற்கத் தொடங்கிவிட்டது என்றும் சொன்னாராம்.

4

அன்று சாயங்காலம் சக்திவேல் வழக்கமான நேரத்துக்கு முன்பே அழைத்தார். வீடியோ போடவில்லை, குரல் மட்டும்.

"ரேவதி மேடம் எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருக்காங்க. பாலு ரெண்டு வேளைக்கு மேல கூடாதாம். சாப்பாட்டு நேரம் தெனமும் ஒரே மாதிரி இருக்கணுமாம். நானும் கூட உக்காந்து சாப்புடணுமாம். ஊட்டக் கூடாது. தட்டுல வெச்சா போதும், தொட்டாலே பெருசுன்னு சொல்றாங்க."

"நல்லதுதாங்க. நாங்களும் இங்க இதேதான் சொல்லுவோம்."

"இரும்பு சொட்டு மருந்து தனியா."

"சரி."

 அவர் பக்கத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்பறம் என்னங்க?"

"ஃபோன் கூடாதாம்."

"கார்ட்டூன்தான் போடறதில்லையே."

"இல்ல கவிதா. நீ வர்ற ஃபோனு." அவர் குரல் இறங்கியது. "நான் சொன்னேன். மேடம், அது அம்மாங்க, அவங்கள பாத்தாத்தான் புள்ள சாப்புடுதுன்னு. அவங்க ரொம்ப நேரம் யோசிச்சாங்க. சாப்பாட்டு வேளையில அம்மா வேண்டாங்க, வேற நேரத்துல பேசச் சொல்லுங்கன்னு சொல்லிட்டாங்க."

வேறு நேரம் என்று ஒன்று எனக்கு இல்லை என்பது ரேவதிக்குத் தெரிந்திருக்காது. சக்திவேலுக்குத் தெரியும். அதனால்தான் வீடியோ போடாமல் பேசினார்.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

"நாளையிலருந்தா?"

"இன்னைக்கே ஆரம்பிக்கச் சொன்னாங்க."

"ஆரம்பிங்க," என்றேன். வேலையில் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

அன்று ஆறு மணிக்கு வழக்கம்போல ஷீபா சேச்சி என்னை இடைவேளைக்கு அனுப்பினார். பேன்ட்ரியில் போய் உட்கார்ந்தேன். டப்பாவில் கொண்டுபோன சாதத்தைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை காலமும் அந்த இடைவேளையில் நான் சாப்பிட்டதே இல்லை. வாயைத் திறந்து மூடிக் காட்டுவதோடு சரி. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று கைக்குத் தெரியவில்லை.

5

முதல் சில நாட்கள் தன்ஷிகா தட்டைத் தள்ளிவிட்டாள். ஃபோன் சாய்த்த செம்பு இருந்த இடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டு, வெறும் சுவரைப் பார்த்து வாயைத் திறந்தாளாம். சக்திவேல் இதைக் குரல் பதிவில் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தோடு பதிவு நின்றுவிட்டது. அதை நான் மறுபடி கேட்கவில்லை.

தண்ணீர் குடிக்கிறாளா, ஒன்றுக்குப் போகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் ரேவதி. அதுவும் நின்றால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். குடித்தாள், போனாள். பால் இரண்டு வேளை உள்ளே போயிற்று. வேறு ஒன்றும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள், ஊரில் சாப்பாட்டு நேரத்தில், என் ஃபோன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் அவர் பெயர். நான் பேன்ட்ரியில்தான் இருந்தேன், கைக்கு எட்டும் தூரத்தில்தான் ஃபோன். எடுத்தால் தன்ஷிகா முகம் வரும். வாயைத் திறப்பாள். நாள் முழுக்கப் பசித்த பிள்ளை ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிடும்.

எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

அது அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தது. என் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி கலக்க வந்த ஷீபா சேச்சி ஃபோனையும் என்னையும் பார்த்தார். "மோளல்லே? எடுக்குன்னில்லே?" என்றார், மகள்தானே, எடுக்கவில்லையா என்று. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு குரல் பதிவு வந்தது.

"எடுக்கமாட்டியா கவிதா? ஒரே ஒரு தடவதான கேட்டேன். காலையிலருந்து புள்ள வயித்துல பாலத் தவிர ஒன்னுமில்ல. உனக்கென்ன, நீ அந்தாண்ட இருக்க. நான்தான இத பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

அவர் என்னிடம் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. பதில் எழுதினேன், அழித்தேன்.  ட்யூட்டி முடிந்து அறைக்கு நடந்து போனேன். சாரல் காலம். சலாலாவில் அந்த மாதங்களில் மலை பச்சையாகிவிடும், வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து நனைவார்கள். ஒரு கார் பக்கத்தில் பாய் விரித்து அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெரிய தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து வந்து உட்காருங்கள் என்று கை காட்டினார்கள். நெஞ்சில் கை வைத்து மறுத்துவிட்டு வந்தேன்.

அதற்கு மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ, அவர் பேசினார். கோபம் இல்லை.

"பொரி எடுத்துச்சு."

"யாரு?"

"பாப்பாதான். நான் என் தட்டுல பொரி போட்டு நொறுக்கிட்டு இருந்தேன். வந்து கைய உட்டு ஒன்னே ஒன்னு எடுத்துச்சு. மோந்து பாத்துச்சு. அப்பறம் வாயில போட்டு, கடிச்சிது கவிதா. கடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணல. பாராட்டக் கூடாது, அதையே பாக்கவும் கூடாதுன்னாங்கல்ல. செவுத்தப் பாத்து உக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு."

6

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பொரியிலேயே பல வாரம் நின்றாள். மொறுமொறுப்பாக இருந்தால் அவளுக்குப் பிடிக்கிறது என்று ரேவதி கண்டுபிடித்தார். சக்திவேல் கேழ்வரகு மாவில் ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் பக்கம் அதைக் கேவுரு ரொட்டி என்போம். அப்பளம் மாதிரி மெல்லிசாக, கருகாமல், நொறுங்குகிற பதத்தில் வர வேண்டும். பாதி ரொட்டி மாட்டுக்குத்தான் போயிற்று. "தக்காளி வெளைய வெச்சிருக்கேன், இது வரமாட்டேங்குது," என்பார். ஒரு மாதம் கழித்து அதன் ஓரத்தை மட்டும் கடித்தாள். பிறகு முட்டையின் மஞ்சள் கரு. மஞ்சள் நிறத்தையே தொடாதவள் எப்படி அதைத் தின்றாள் என்பது யாருக்கும் புரியவில்லை. சுண்ணாம்பு சுரண்டுவது குறைந்தது. அங்கன்வாடியில் எடை பார்த்தபோது கோடு கொஞ்சம் தலை தூக்கியிருந்தது.

இந்த நேரத்தில்தான் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பித்தார்கள். அவள் ஆதார் என் பழைய ஃபோன் எண்ணோடு இணைந்திருந்தது. சக்திவேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தர்மபுரியில் வரிசையில் நிற்பார். ஓடிபி சலாலாவில் என் பைக்குள் வந்து விழும். நான் கையுறையைக் கழற்றி ஃபோனை எடுப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். இப்படிச் சில தடவை நடந்தது. "அம்மா எங்கே?" என்று கவுன்ட்டரில் கேட்டார்களாம். "ஓடிபி வர்ற எடத்துல இருக்காங்க," என்றாராம் இவர். இருவரும் சிரித்தோம்.

வாரத்துக்கு ஒருமுறை நான் பகலில் வீடியோவில் அழைத்துப் பார்த்தேன். தன்ஷிகா வரவில்லை. சக்திவேல் ஃபோனை அவள் பின்னாலேயே கொண்டு போவார். பின்னந்தலையும் ரிப்பனும் தெரியும். அவள் என்னைத்தான் பார்த்துச் சாப்பிட்டாளா, என் வாய் அசைவதையா, வெறும் வெளிச்சத்தையா என்று யோசிக்கத் தொடங்கினேன். ஷீபா சேச்சியின் மகன் கொச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனும் அழைத்தால் எடுப்பதில்லை என்று சேச்சி ஆறுதல் சொன்னார். அவன் எடுக்காததும் இவள் திரும்பாததும் ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

7

இரண்டு மாதத்துக்கு முன் விடுப்பு கிடைத்தது. அவசரமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள், அவசரமில்லை, பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றேன். பெங்களூரில் இறங்கி ஓசூர் வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தன்ஷிகா என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். உயரமாகியிருந்தாள். கை, வீடியோவில் பார்த்த கை இல்லை.

அன்று சாப்பாட்டுக்குச் சக்திவேல் பாய் விரித்தார். நான் உட்கார்ந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். மறுபடி கூட்டி வந்தார், மறுபடி போனாள். புதிய ஆள் இருந்தால் சாப்பிடமாட்டாள்.

"நீ தப்பா நெனைக்காத," என்றார் சக்திவேல். 

"நான் சமையல்கட்டுல சாப்புடறங்க. அது சாப்புடட்டும்."

ஆயிரம் மைலுக்கு மேல் தாண்டி வந்து, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து ரொட்டி நொறுங்கும் சத்தம் வந்தது. மெல்லுகிற சத்தம். நானும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். என் விடுப்பில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. ரேவதி மேடத்திடம் கேட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தேன். முதலில் கதவோரம், முதுகைக் காட்டி. பிறகு கூடத்தின் மூலையில். கிளம்புவதற்கு முந்தைய நாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் எழவில்லை. அவள் பக்கம் பார்க்கக்கூடாது என்று எனக்கும் கட்டளை. என் தட்டையே பார்த்துச் சாப்பிட்டு முடித்தேன்.

கிளம்பும் நாள் மதியம் கார் வந்து வாசலில் நின்றது. டிரைவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் தட்டில் ரொட்டி, முட்டையின் மஞ்சள் கரு, புதிதாக வேகவைத்த பீன்ஸ் இரண்டு துண்டு. நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கை என் தட்டுக்குள் வந்தது. ஒரு பீன்ஸ் துண்டை வைத்துவிட்டுப் போயிற்று. வாயில் வைத்து எடுத்தது. நுனியில் பல் பதிந்திருந்தது.

அசையாமல் இருந்தேன். "ஏங்க," என்றேன் மெதுவாக. "எனக்கு எதுவோ வெச்சிருக்குங்க."

சக்திவேல் நிமிரவில்லை. "புடிக்காதத எடுத்துப் பக்கத்துல இருக்கறவங்க தட்டுல வெச்சிரும். தெனமும் எனக்குத்தான் வெக்கும். அது தட்டுல திருப்பிப் போட்றாத. தின்னுரு."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். தன்ஷிகா ரொட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அந்தப் பீன்ஸை எடுத்து வாயில் போட்டேன். உப்பில்லை. அதை மென்று விழுங்க வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டேன்.